வகுப்பு உயில்: மேடையில் வாசிப்பதா, மலரில் அச்சிடுவதா, கையில் கொடுப்பதா?

படிப்பு முடிந்து கிளம்பும் வகுப்பு, தன்னிடம் இருக்கும் ‘சொத்துகளை’ ஜூனியர்களுக்கும் தோழர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வேடிக்கையாக எழுதி வைப்பதுதான் வகுப்பு உயில். ஜன்னலோர இருக்கை, வருகைப் பதிவின்போது இரண்டு குரலில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் திறமை, மூன்று ஆண்டுகளாகத் திருப்பித் தராத அளவுகோல் என்று எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். எழுத உட்கார்ந்தால் சரக்குக்குப் பஞ்சமே இருக்காது. எழுதியதை எப்படி வெளியிடுவது என்னும் கேள்வியில்தான் பெரும்பாலான வகுப்புகள் சிக்கிக்கொள்கின்றன. விழாவில் பத்து நிமிடம் தருகிறோம் என்கிறார் ஒருவர், ஆண்டு மலரில் இரண்டு பக்கம் இருக்கிறது என்கிறார் இன்னொருவர், எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாமே என்கிறார் மூன்றாமவர்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆண்டு மலர்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வகுப்பு வரலாறு, வகுப்பு ஆரூடம் (யார் பிற்காலத்தில் என்ன ஆவார் என்ற வேடிக்கைக் கணிப்பு) ஆகியவற்றோடு வகுப்பு உயிலும் வழக்கமான பகுதியாக இருந்தது. வேடிக்கை உயில் என்னும் வடிவமோ அதைவிட மிகப் பழையது. ஏறக்குறைய 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு லத்தீன் பகடியில், சமையற்காரன் கையில் சாகப்போகும் பன்றிக்குட்டி தன் உடலையே பங்கு பிரிக்கிறது. செருப்புத் தைப்பவர்களுக்கு முள்மயிர், வாயாடி வழக்கறிஞர்களுக்கு நாக்கு, ஓட்டக்காரர்களுக்குக் கணுக்கால். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இதை ஒப்பித்துச் சிரித்ததாக, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் எழுதியிருக்கிறார். பெறுபவருக்கும் பொருளுக்கும் இருக்கும் அந்தக் கச்சிதமான பொருத்தம்தான் இன்றைக்கும் ஒரு நல்ல வரியின் உயிர்.

எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும். இந்த வரி யார் காதில் விழும்: வகுப்பு மட்டுமா, பெற்றோரும் வெளியாரும் கூடவா? எவ்வளவு காலம் நிற்கும்? தவறாகப் போனால் திருத்த வழி இருக்கிறதா? வகுப்பில் எல்லோருக்கும் இடம் கிடைக்குமா? கடைசியாக, உழைப்பு யார் தலையில் விழும்?

இவற்றில் மூன்றாவதுதான் மற்ற நான்கையும் ஆள்கிறது. அழிக்க முடியாத இடத்தில் வரும் வரி மென்மையாக இருக்க வேண்டும். வகுப்பறைக்குள் பேசிக் கலைந்து போகிற இடத்தில் சற்றுத் தூக்கலாக இருந்தாலும் தாங்கும். அதனால் வரிகளை எழுதி முடித்துவிட்டு வடிவத்தைத் தேடாதீர்கள். வடிவத்தை முடிவு செய்தபின் எழுதுங்கள்.

எந்த வடிவம் ஆனாலும் செய்தாக வேண்டியது

வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து, நான்கு கட்டம் போட்ட ஒரு தாளில் தொடங்குங்கள்: கொடுப்பவர், பெறுபவர், பொருள், காரணம். நினைவிலிருந்து பட்டியல் போட்டால் அமைதியாக இருக்கும் இருவர் கட்டாயம் விடுபடுவார்கள். காரணக் கட்டம் காலியாக இருக்கும் வரியைச் சேர்க்க வேண்டாம். அது வெறும் கிண்டலாகவே நிற்கும்.

ஒரு வரிக்கு 15 முதல் 25 சொற்கள் போதும். அதற்குக் குறைந்தால் காரணம் புரியாது, மிஞ்சினால் அது கதையாகிவிடும். வரி பெறுபவருக்கு எதையாவது கொடுக்க வேண்டும், அவரிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது. ‘எப்போதும் தூங்கும் இவருக்கு ஒரு தலையணை’ என்பது அவருடைய குறையைச் சபையில் வைக்கிறது. ‘மதியம் முதல் பாடவேளையில் ஆசிரியர் கண்ணில் படாமல் கண் மூடும் கோணத்தை, இரண்டாண்டு ஆராய்ச்சிக்குப் பின் கண்டறிந்த நான், இவருக்கு விட்டுச் செல்கிறேன்’ என்றால் கேலி கொடுப்பவர் மேல் விழுகிறது, பெறுபவர் வாரிசாகிறார். இந்த ஒரு திருப்பத்திலேயே பாதி வம்பு தீர்ந்துவிடும்.

உடல், நிறம், பேச்சுக் குறை, மதிப்பெண், காதல், குடும்பம், பணம், பிறப்பு ஆகியவை பட்டியலுக்கு வெளியே நிற்கட்டும். எழுதிய ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் பெறுபவரின் நெருங்கிய நண்பர், மற்றவர் அந்த உயிலில் இடம்பெறாத ஓர் ஆசிரியர். பெறுபவரிடமே காட்டினால் திகைப்பு போய்விடும், நண்பரிடம் காட்டினால் போகாது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இதை இவர் வீட்டில் போய்த் தானே படித்துக்காட்டுவாரா?’ தயங்கினால் வரியை மாற்றுங்கள்.

நடைக்குப் பத்திரத் தமிழைப் போல் கைகொடுப்பது வேறில்லை. ‘கீழே கையொப்பமிட்ட வகுப்பு மாணவர்களாகிய நாங்கள், சுயநினைவுடனும் (தேர்வுக்கு முந்தைய இரவுகள் நீங்கலாக), பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைத்த உயில் சாசனம் என்னவென்றால்’ என்று தொடங்கலாம். நடுவில் ஒரே ஒரு சொத்துக்குச் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, சொல்லலாம்: ‘குப்பைத் தொட்டிக்குக் கிழக்கு, மின்விசிறிக்கு நேர் கீழ், ஆசிரியர் பார்வைக்கு வடக்கு, வாசலுக்குத் தெற்கு, இதற்குள்பட்ட கடைசி பெஞ்சு ஒன்று.’ முடிவில் ‘சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’. இந்த மூன்று இடங்களோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் பத்திரச் சொல் வந்தால் ஐந்தாவது வரியிலேயே சலித்துவிடும்.

மேடையில் வாசிப்பது

சிரிப்பு உடனே கிடைக்கும் ஒரே வடிவம் இது. கணக்கு தப்பிப் போவதும் இங்கேதான் அதிகம். 40 பேர் வகுப்பு, ஆளுக்கு 20 சொல் என்றால் 800 சொல். மேடையில் நிதானமாக வாசிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று வைத்துக்கொண்டால் 8 நிமிடம். ஒவ்வொரு வரிக்கும் சிரிப்புக்கு 5 விநாடி விட்டால் 200 விநாடி, அதாவது இன்னொரு 3 நிமிடம் 20 விநாடி. முன்னுரை, முடிவுரை, மைக் கைமாறுவது எல்லாம் சேர்ந்து 12 நிமிடத்தைத் தாண்டிவிடும். கொடுத்த பத்து நிமிடம் முடிந்ததும் விழாப் பொறுப்பாளர் கை காட்டுவார். அப்போது வெட்டுப்படுவது பட்டியலின் கடைசியில் இருப்பவர்கள். அவர்களுக்கு அது மறக்காது.

எனவே மேடைக்கு 25 வரிகளுக்கு மேல் வேண்டாம். தனி வரி கிடைக்காதவர்களைக் கூட்டுப் பங்காளிகளாக்குங்கள். ‘மூன்றாம் வரிசை முழுவதற்கும் கூட்டாக’, ‘பேருந்தில் முதலில் ஏறுபவர்கள் ஐவருக்கும் சரிபங்காக’ என்று எழுதி, ஐந்து பெயரையும் வாசியுங்கள். சபையில் தன் பெயர் ஒலித்ததா என்பதுதான் ஒவ்வொருவரும் கவனிப்பது.

வாசிப்பவர்கள் இருவராக இருக்கட்டும், ஐந்து வரிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். தாளில் எழுத்து 16 புள்ளி அளவு, ஒரு பக்க அச்சு, எந்த வரியும் பக்கத்தின் அடியில் பாதியாக முறியக் கூடாது, பக்க எண் பெரிதாக இருக்க வேண்டும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஐயம் இருந்தால் முன்னதாகவே உரியவரிடம் கேட்டுக் குறித்துவிடுங்கள். சிரிப்பு முற்றிலும் அடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. அது தணியத் தொடங்கும்போதே அடுத்த பெயரைச் சொன்னால்தான் வேகம் குன்றாது. வரிசையில் முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள், நடுவில் விரும்பி அனுமதித்த ஆசிரியர்கள் இருந்தால் அவர்கள், கடைசியில் ஜூனியர் வகுப்பு மொத்தத்துக்குமான சொத்து.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, மைக் கையில் வந்ததும் தோன்றும் கூடுதல் வாக்கியம். சரிபார்த்த 25 வரிகளில் வராத வம்பு, அரங்கம் சிரிக்கிறதே என்ற உற்சாகத்தில் வாசிப்பவர் சொந்தமாகச் சேர்க்கும் ஒரு வாக்கியத்தில் வந்துவிடும். தாளில் உள்ளதை மட்டுமே வாசிப்பது என்று ஒத்திகையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கைபேசிகள். மேடையில் சொன்னது காற்றோடு போகும் என்று இனி எண்ண முடியாது. முன்வரிசையில் யாரோ பதிவு செய்துகொண்டுதான் இருப்பார்கள். மேடைக்கு முன்பு இருந்த சலுகை பெரும்பாலும் போய்விட்டது, அச்சுக்குரிய கவனம் இங்கேயும் வேண்டும்.

பெற்றோர் இருக்கும் அரங்கில் வகுப்புக்குள் மட்டும் புரியும் வரி மௌனத்தில் விழும். ‘இவருக்கு அந்த நீலப் பேனா’ என்றால் நாலு பேர்தான் சிரிப்பார்கள். ‘ஏழு பேர் கடன் வாங்கியும் மை தீராத நீலப் பேனா, எட்டாவது நபரான இவருக்கு’ என்றால் காரணம் வரிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆண்டு மலரில் அச்சிடுவது

எல்லோருக்கும் தலைக்கு ஒரு வரி என்னும் சமத்துவம் மலரில்தான் எளிது. விழாவுக்கு வர முடியாதவருக்கும் பங்கு போய்ச் சேரும்.

ஏ4 பக்கத்தில் இரண்டு பத்தியாக, 11 புள்ளி எழுத்தில், சுமார் 350 தமிழ்ச் சொற்கள் அடங்கும். 800 சொல்லுக்குத் தலைப்பும் சேர்த்து இரண்டரைப் பக்கம் ஆகும். நடுவில் பின் அடிக்கும் மலரில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் கூடும். அரைப் பக்கம் வழிந்தாலும் நான்கு பக்கத்துக்குச் செலவு ஏறலாம், இல்லையென்றால் வேறொருவர் கட்டுரை வெளியே போகும். ஆகவே எத்தனை பக்கம் என்பதை மலர்க் குழுவிடம் முதலிலேயே உறுதி செய்து, அதைச் சொல் கணக்காக மாற்றி, தலைக்கு எத்தனை சொல் என்று வகுப்புக்கு அறிவித்துவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் எழுத்து, விழாவுக்குச் சுமார் ஆறு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன் விலை, கடைசி மாதத்து நிகழ்ச்சிகள் எதுவும் உயிலில் வராமல் போவது. நெருக்கமும் சிரிப்பும் கூடுவது அந்தக் கடைசி மாதத்தில்தான் என்பதால் இது சிறிய இழப்பல்ல.

பிழைகள் வருவது பெரும்பாலும் எழுத்துருவில். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒற்று காணாமல் போகும். எல்லோரிடமும் யூனிகோடிலேயே வாங்குங்கள். மெய்ப்புத் திருத்துவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வரிகளைப் படிக்கட்டும், மற்றவர் பெயர்களை மட்டும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, கடைசியிலிருந்து முன்னோக்கி வரட்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் தலைப்பெழுத்து கட்டாயம். அவருடைய கேலி இவருக்குப் போய்ச் சேர்வதைப் போன்ற விபத்து அச்சில் வேறில்லை.

இன்னொன்று, பொறுப்பாசிரியரின் வெட்டு. கடைசி நேரத்தில் அவர் ஆறு வரிகளை நீக்கினால், நீக்கப்பட்டவர்கள் வகுப்பில் விடுபட்டவர்கள் ஆகிறார்கள். எவையெல்லாம் கூடாது என்பதை எழுதும் முன்பே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு மாற்று வரிகளும் கையில் இருக்கட்டும்.

மலரை இருபது ஆண்டுகள் கழித்தும் யாராவது புரட்டுவார்கள். அன்றைக்கும் கூச்சமில்லாமல் படிக்கக்கூடிய வரிதான் அச்சுக்கு ஏற்றது. ஜாடையாகப் பேசி ஒருவரைச் சீண்டும் வரியை மலரில் வைக்கவே கூடாது. ஜாடை மறந்துபோய்ச் சீண்டல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

உறையில் போட்டுக் கையில் கொடுப்பது

பொருளும் சீட்டும் ஓர் உறையில். தீர்ந்துபோன சிவப்பு ரீஃபில்களின் கட்டு, முடி உதிர்ந்த டஸ்டர், மூடி தொலைந்த பேனா, மூடியை மட்டும் தனியாக இன்னொருவருக்கு. கையில் பொருள் இருப்பதால் இந்த வடிவத்தில் வரி மிகச் சிறியதாக இருந்தாலும் போதும்.

ஆனால் 40 உறையைப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்க, ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் 20 நிமிடம் ஆகும். வகுப்பு முழுவதற்கும் இது ஒத்துவராது. எட்டிலிருந்து பன்னிரண்டு பேருக்குள் நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆசிரியர்களுக்கு மிகப் பொருத்தமான வடிவம் இதுவே. சபையில் அவரை உட்கார வைத்துச் சிரிக்க வேண்டியதில்லை, அவர் தனியாகப் பிரித்துப் பார்த்துச் சிரிக்கலாம். ‘எங்கள் கணித சாருக்கு, “இது ரொம்ப ஈஸி” என்று அவர் சொன்ன கணக்குகள் அனைத்தையும், விடை காணப்படாத அதே நிலையில் பத்திரமாகத் திருப்பி ஒப்படைக்கிறோம்’ என்று ஒரு பழைய நோட்டின் கிழிந்த தாளோடு வைக்கலாம்.

ஆய்வக உதவியாளர், நூலகர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கும் உறை கொடுங்கள். மேடையிலும் மலரிலும் பெரும்பாலும் விடுபடுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கான வரியில் கேலி நம்மேல் மட்டுமே இருக்க வேண்டும். நூலகருக்கு, ‘நாளைக்குக் கட்டாயம் தந்துவிடுகிறோம்’ என்று நாம் சொன்ன நாட்களை எல்லாம் நிலுவைப் புத்தகங்களோடு சேர்த்து உண்மையாகவே ஒப்படைத்தால், சிரிப்போடு கடனும் தீரும்.

கவனிக்க வேண்டியவை சில. நிறுவனத்தின் சொத்தை எழுதி வைக்க நமக்கு உரிமை இல்லை. சாவி, ஆய்வகப் பொருள், நூலகப் புத்தகம், நாற்காலி எதுவும் உறைக்குள்ளோ கைமாற்றத்திலோ வரக் கூடாது. புதிதாக எதையும் விலைக்கு வாங்குவதில்லை என்று விதி வையுங்கள். ஒருவருக்கு நல்ல பொருளும் இன்னொருவருக்குக் குப்பையும் போனால், வேடிக்கை போய் ஒப்பீடு வந்துவிடும். பெயரை உறையின் மேலும் எழுதுங்கள், உள்ளே இருக்கும் சீட்டிலும் எழுதுங்கள். அவசரத்தில் உறை மாறுவது சாதாரணம்.

அறிவிப்புப் பலகை

துண்டுச் சீட்டுகளை ஒட்டினால் ஒரு மதியத்தில் வேலை முடியும். இரண்டு நாளுக்குமேல் நிற்க விடாதீர்கள். மூன்றாம் நாள் யாரோ பேனாவால் சேர்த்து எழுதத் தொடங்குவார்கள், அப்போது உயில் உங்களுடையது அல்ல. ஒட்டும்போதே யார் கழற்றுவது என்று பெயர் குறித்து, முழுப் பலகையையும் படம் எடுத்து வையுங்கள்.

குழுவில் பகிர்வதும் காணொளியும்

செலவில்லை, வேகமாக முடியும், தொலைவில் இருப்பவருக்கும் கிடைக்கும். மேடை கிடைக்காத வகுப்புக்கு இதுவே வழி. பார்க்க இலகுவாகத் தோன்றினாலும், திருத்த முடியாமையில் இது அச்சை விடக் கடுமையானது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். அதற்குள் எடுத்த திரைப்பிடிப்பை யாரும் திரும்பப் பெற முடியாது. மலர், வகுப்போடு தொடர்புள்ளவர்கள் கைக்குத்தான் பெரும்பாலும் போகும். பகிர்ந்த செய்தி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரிகளைத் திறந்த குழுவில் சேகரிக்காதீர்கள். ஒருவர் எழுதியதை விஞ்ச அடுத்தவர் எழுதுவார், பத்தாவது செய்தியில் எல்லை தாண்டிவிடும். ஒருவரிடம் தனித்தனியாக அனுப்பச் சொல்லி, சரிபார்த்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக ஒருமுறை மட்டும் பகிருங்கள். குழுவில் இல்லாதவர்கள், கைபேசி வைத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று பார்த்து அவர்களுக்கு அச்சுப்படி கொடுங்கள். காணொளி என்றால் ஆறு நிமிடத்துக்குள் முடியட்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பும் துண்டுகளில் ஒலி அளவு வேறுபடும், அதைச் சமன்படுத்த ஒருவர் இரண்டு மாலையாவது உட்கார வேண்டியிருக்கும்.

| | மேடை | மலர் | உறை | பலகை | குழு / காணொளி |
|---|---|---|---|---|---|
| எத்தனை பேருக்கு | 25 வரி வரை | வகுப்பு முழுக்க | 8 முதல் 12 | வகுப்பு முழுக்க | வகுப்பு முழுக்க |
| ஆயத்த காலம் | 2 வாரம் | 6 வாரத்துக்கு மேல் | 1 வாரம் | ஒரு மதியம் | 3 நாள் முதல் 1 வாரம் |
| திருத்த வழி | மேடை ஏறும்வரை | அச்சேறும்வரை | கொடுக்கும்வரை | எப்போதும் | நடைமுறையில் இல்லை |
| அதிகம் நேரும் கோளாறு | நேரம் மீறல், சொந்தச் சரக்கு | பெயர்ப் பிழை, கடைசி வெட்டு | உறை மாறுதல் | பிறர் கிறுக்கல் | கட்டுப்பாடற்ற பரவல் |
| தாங்கும் கேலி | நடுத்தரம் | மென்மை | பெறுபவரைப் பொறுத்து | நடுத்தரம் | மிக மென்மை |

எப்போது எது?

வகுப்பில் 25 பேருக்குள் இருந்து, நன்றாக வாசிக்கும் இருவரும் கிடைத்தால் மேடையைத் தேர்ந்தெடுங்கள். 40-க்கு மேல் போனால் மலரை முதன்மையாக்கி, அதிலிருந்து பத்து வரிகளை மட்டும் மேடையில் வாசிப்பது எங்கள் பரிந்துரை. முழு உயில் அச்சில் இருப்பதால் வாசிக்கப்படாதவர் விடுபட்டவராக உணரமாட்டார். மலருக்கான கெடு தாண்டிவிட்டால் மேடையும் பலகையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். ஆசிரியர்களுக்கு எந்த வகுப்பானாலும் உறைதான். ஓர் ஆசிரியரை நன்கு அறிந்த வகுப்பு, அவரே விரும்பி அனுமதித்தால் மட்டும் அவரை மேடைக்குக் கொண்டுவரலாம். வகுப்புக்குள் அந்த ஆண்டு ஏதேனும் பெரிய பிணக்கு நடந்திருந்தால் காணொளியையும் குழுவையும் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்பாதவர்கள்

எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பட்டியலில் ஒரு கட்டம் மீதமிருக்கும். நடுவிலேயே வேறிடம் போனவர், நோயால் தேர்வு எழுதாதவர், இந்த ஆண்டு தேறாமல் அதே வகுப்பில் தொடரப் போகிறவர். உயில் என்பதே போகிறவர் எழுதுவது என்பதால், இருக்கப் போகிறவர் பெயரை என்ன செய்வது என்று தெரியாமல் பல வகுப்புகள் விட்டுவிடுகின்றன.

இவர்களிடம் முன்கூட்டியே நேராகப் பேசுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தக் கூடாது. சம்மதித்தால், இடம் மாறிப் போனவருக்கு வகுப்பின் கூட்டுச் சொத்தில் ஒரு பங்கு எழுதி, தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடலாம். அதே வகுப்பில் தொடர்பவரைப் பெறுபவர் பட்டியலில் போடாமல், உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக நியமியுங்கள்: ‘மேற்படி சொத்துகள் உரியவர்களிடம் சேர்வதை மேற்பார்வையிட, எங்கள் முழு நம்பிக்கைக்கும் உரிய இவரை நியமிக்கிறோம். பங்காளிகளுக்குள் தகராறு வந்தால் இவர் தீர்ப்பே முடிவு.’ அந்த வரியில் மட்டும் கேலி வேண்டாம். உயிலின் அசல் படியையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று சண்டை வரும்போது எடுத்துக் காட்ட அது அங்கே இருக்க வேண்டும்.